தண்ணீர் உள்ள நாட்டுக்குத் தண்ணீர் தேடி வந்தால்: சித்தூர் எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலை. கேட்பவருக்குத் தமிழில் எழுதுவேன், ஆபீஸ் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில். வருகிற மனுக்களில் பாதிக்கு மேல் தண்ணீர் மனு. சில வருடங்களாக இன்னொரு வகைக் கேள்வியும் கூடவே வருகிறது. மழை பொய்த்தோ, கடல் ஏறியோ, மலை சரிந்தோ ஊரை விட்டு வந்தவர்களுக்கு, வந்த இடத்துத் தண்ணீரில் என்ன உரிமை? கோயம்புத்தூரிலிருந்து ப்ராஜெக்டுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்தால் வக்கீலைப் பாருங்கள்.

சித்தூர் என்றால் ஆந்திரச் சித்தூரா?

இல்லை. இது பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூருக்கும் தண்ணீர் வழக்கு உண்டு. அது பாலாறு, 1892-ம் ஆண்டு மதராஸ் – மைசூர் ஒப்பந்தத்தை இன்றும் எடுத்துப் பேசுகிற வழக்கு. நம்முடையது வேறு. கொச்சி ராஜாவின் ஆட்சியில் இருந்த தாலுகா, 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கேரளத்தில் நின்றது. எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி என்று கிழக்கே போகப் போக வீட்டுக்குள் தமிழ், கடையில் இரண்டும், பஸ் போர்டில் மலையாளம்.

கேரளாவில் போய்த் தண்ணீர்ப் பஞ்சமா? 44 ஆறு ஓடுகிற நாடாயிற்றே?

இந்தக் கேள்வியைப் பொள்ளாச்சிக்காரர்தான் கேட்பார், திருச்சூர்க்காரரும் கேட்பார். 44 ஆறு உண்மை. அதில் 41 மேற்கே போகிறது, கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே வருகிறது. மாநிலத்தின் சராசரி மழை வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். கிழக்குச் சித்தூரில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை மேகத்தை முந்திக்கொண்டு காற்று வந்துவிடும். ஆடி மாதம் வேலந்தாவளத்தில் நின்றால் வேட்டி பறக்கும், துளி விழாது.

கணக்கெழுதும்போது இந்த இடம் "தண்ணீர் வளமான கேரளம்" என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதுதான் பாதித் தொல்லை. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் ஒன்றியங்களின் பட்டியலில் சித்தூர் ஒன்றியம் பல வருடம் இடம்பிடித்திருந்தது. போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் ஃபுளோரைடு வேறு. எங்கள் தெருவில் ஒருவர் ஆயிரம் அடி ஓட்டினார். முதல் நாள் புழுதி வந்தது, இரண்டாம் நாள் அரை இஞ்ச் தண்ணீர், மூன்றாம் மாதம் மறுபடி புழுதி. குழாய்க்கு மேல் ஒரு சிமெண்ட் சாக்கைக் கட்டி வைத்திருக்கிறார், குழந்தைகள் கல் போட்டுவிடக் கூடாதாம்.

"காலநிலை அகதி" என்று சட்டத்தில் இருக்கிறதா?

இல்லை. 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோருக்கானது. வறட்சி யாரையும் துன்புறுத்துவதாக அது கருதுவதில்லை. இந்தியா அதில் கையெழுத்துப் போடவும் இல்லை.

கொஞ்சம் அசைவு தெரிந்தது 2020 ஜனவரியில். பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியைச் சேர்ந்த அயோனே டெய்டியோட்டா, கடல் ஏறுகிறது என்று நியூசிலாந்தில் தஞ்சம் கேட்டார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழுவும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் காலநிலையால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் ஓர் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கடமை நாடுகளுக்கு உண்டாகலாம் என்று முதல்முறையாக எழுதி வைத்தது.

இதெல்லாம் நாடு விட்டு நாடு போகிறவருக்கு. ராமநாதபுரத்திலிருந்தோ சுந்தரவனத்திலிருந்தோ பாலக்காட்டுக்கு வருகிறவர் இந்தியக் குடிமகன். நாட்டில் எங்கும் போக, எங்கும் குடியிருக்க அரசியலமைப்பின் 19-ம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. வருவதற்குத் தடை இல்லை. வந்த பிறகு ஒரு குடம் தண்ணீர் யார் கணக்கில் என்பதில்தான் சட்டம் வாயைத் திறக்காது.

இங்கே உண்மையில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்?

இரண்டும் நடக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். கேட்டால் "சம்பளம்" என்பார்கள். அப்பாவின் கடலைக்காடு இரண்டு வருடம் கருகியதைச் சொல்ல மாட்டார்கள். காலநிலையால் ஊர்மாறினேன் என்று யாரும் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. கடன், கல்யாணம், மில் வேலை என்று ஏதாவது ஒரு பெயரில்தான் அது வெளியே வரும். அதனாலேயே எண்ணிக்கை எடுப்பது கஷ்டம். உலக வங்கி 2021-ல் ஓர் அறிக்கை விட்டது: 2050-க்குள் உலகில் 21.6 கோடிப் பேர் வரை தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம் மாறக்கூடும் என்று. "வரை", "கூடும்" என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு அந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய.

வருகிறவர்களில் பெரும்பாலோர் வடக்கத்தியத் தொழிலாளிகள். 2013-ல் கேரள அரசின் குலாத்தி ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வு, கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் மேற்கு வங்காளத்துக்காரர் கணிசம். 2009 மே மாத ஐலா புயல் சுந்தரவனத்து வயல்களில் உப்புநீரைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, அங்கிருந்து கேரளத்துக்கு ரயில் ஏறியவர்கள் ஏராளம்.

எங்கள் பக்கம் ஒரு தென்னை நாற்றுப் பண்ணையில் அப்படி ஒருவர் இருக்கிறார். முதல் நாள் எங்கள் போர்த் தண்ணீரை வாயில் வைத்ததும் முகம் மாறியது. "உப்பா?" என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு இன்னொரு மடக்குக் குடித்தார். "எங்க ஊர் உப்பு இதைவிட நாலு மடங்கு, சேட்டா" என்றார், பாதி மலையாளம் பாதித் தமிழில். அவருக்கு இங்கே ரேஷன் வாங்க வழி இருக்கிறது, ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் வந்துவிட்டது. தண்ணீருக்கு அப்படி ஒரு கார்டு இல்லை.

ஆற்றுத் தண்ணீரில் சித்தூருக்குப் பங்கு எவ்வளவு?

வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. இந்த எண்ணை எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும்.

பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-ல் கையெழுத்தானது, 1958 நவம்பர் 9 முதல் அமல் என்று முன்தேதியிட்டார்கள். அதன்படி தமிழ்நாடு மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை ஒரு தண்ணீர் வருடம். மணக்கடவில் விட்டது மூலத்தறைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்களில் பிரிந்து சித்தூர்ப்புழைப் பாசனத்துக்குப் போகும். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,832 கோடி லிட்டர், அதனால் 7.25 என்பது சின்ன எண் இல்லை. ஆனால் நெல்லுக்குத் தண்ணீர் வேண்டிய வாரத்தில் வராமல், வேண்டாத வாரத்தில் மொத்தமாக வந்தாலும் கணக்குப் புத்தகத்தில் அது 7.25-தான்.

30 வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முதல் முப்பது 1988-ல் முடிந்துவிட்டது. பேச்சு பலமுறை நடந்திருக்கிறது, புது ஒப்பந்தம் வரவில்லை. இதற்கிடையில் மழையின் நடை மாறிவிட்டது. 2016 தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் 34 சதவீதம் குறைவு, அந்த அக்டோபரில் 14 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். சரியாக இரண்டே வருடம், 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை வழக்கத்தைவிட 42 சதவீதம் கூடுதல் மழை, அந்த வெள்ளம். 2022 செப்டம்பர் 21-ல் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி வெளியே பாய்ந்தது. அணை இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு. அன்று இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரே கரையில் நின்றிருந்தார்கள். சராசரி மழையை நம்பி எழுதிய எண்ணுக்கும் இந்த மழைக்கும் ஒத்துப்போவது கஷ்டம்.

ஊரில் ஆள் கூடினால் பங்கும் கூடுமா?

தானாகக் கூடாது. நதிநீர் ஒப்பந்தங்கள் நதியை எண்ணும், ஆயக்கட்டை (பாசன நிலத்தை) எண்ணும், பழைய பயன்பாட்டை எண்ணும். நேற்று வந்த ஆளை எண்ணாது. மாநிலங்களுக்கிடையே தகராறு வந்தால் 1956-ம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டப்படி தீர்ப்பாயம். அங்கே வாதாடுவது இரண்டு அரசுகள். குடிபெயர்ந்தவருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு, நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது. காவிரி வழக்கு. 2007-ல் தீர்ப்பாயம் பெங்களூருவின் குடிநீரைக் கணக்கிட்டபோது, நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று அந்த அளவுக்கே தண்ணீர் ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடிநீர்தான் எல்லாவற்றுக்கும் முதலில் என்று சொல்லி, பெங்களூருவுக்காக 4.75 டி.எம்.சி. கூட்டியது. நிலத்தடி நீரைக் காரணம் காட்டி இன்னொரு 10. மொத்தம் 14.75 டி.எம்.சி. கர்நாடகத்துக்குப் போனது, தமிழ்நாட்டுக்கு 404.25 என்று குறைந்தது. கேரளத்துக்கு அதே 30.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பு கசப்பு. எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பெங்களூரு ஒரு நூற்றாண்டாகப் பெருத்தது வந்தவர்களால், அதில் நம் ஆட்களும் லட்சக்கணக்கில். அவர்கள் குடிக்கிற தண்ணீர் படுகைக் கோட்டுக்கு வெளியே இருந்தாலும் கணக்கில் வர வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொன்ன இடம் அது. ஐ.டி. நகரத்துக்குச் சொன்ன நியாயத்தை ஒரு வடகரப்பதிக்கும் சொல்வார்களா என்பது வேறு விஷயம்.

கிணற்றுத் தண்ணீர் யாருடையது? நிலம் என்னுடையது என்றால் தண்ணீரும் என்னுடையதா?

இதற்கு இந்தியாவிலேயே பெரிய பாடம் எங்கள் பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் நடந்தது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சட்டம் 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம். தன் நிலத்துக்குக் கீழே, குறிப்பிட்ட ஓடையாக ஓடாத நீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். போர்க் கிணறு இல்லாத காலத்தில் எழுதியது. கயிறும் வாளியும் கொண்டு ஒருவர் எவ்வளவு இறைத்துவிடுவார்?

2000-ல் பிளாச்சிமடையில் கோகோகோலா ஆலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, இருந்ததும் வாயில் வைக்க முடியாமல் போனது. இரவாளர், மலசர் என்ற பழங்குடிகளின் குடியிருப்புப் பெண்கள் குடத்தோடு நடந்தார்கள். 2002 ஏப்ரல் 22-ல் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், அவர்களில் ஒருவரான மயிலம்மா முன்னால் இருந்தார். 2003-ல் பஞ்சாயத்து உரிமத்தை மறுத்தது. அதே டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர்தான், ஒருவர் அளவுக்கு மீறி எடுத்தால் தடுக்க வேண்டியது அரசின் கடமை என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தது.

2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. சட்டம் தடுக்காத வரை நிலத்துக்காரர் எடுக்கலாம், நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை ஆலைக்கு அனுமதி. ஆனால் ஆலை 2004 மார்ச்சிலேயே மூடிவிட்டது, திரும்பத் திறக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பல வருடம் கிடந்தது. 2017-ல் மறுபடி திறக்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் சொன்னதும் வழக்கை முடித்துவிட்டார்கள். யாருடைய தண்ணீர் என்ற கேள்விக்கு அங்கே பதில் எழுதப்படவில்லை. நட்டம் 216.26 கோடி ரூபாய் என்று ஓர் உயர்நிலைக் குழு 2010-ல் கணக்கிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டசபை 2011-ல் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஆக, இன்றைய நிலை இது: நிலம் உள்ளவருக்கு ஒரு பிடி இருக்கிறது, அரசுக்குத் தடுக்கிற அதிகாரம் இருக்கிறது. நிலமே இல்லாமல் வந்து குடியேறியவருக்கு இந்த இரண்டு வரியிலும் இடம் இல்லை. பிளாச்சிமடையில் அந்தப் பெண்களிடம் பட்டயமா இருந்தது? கிணறுதான் இருந்தது.

புதிதாகப் போர் போட அனுமதி வேண்டுமா?

சித்தூர் ஒன்றியத்தில் வேண்டும். கேரள நிலத்தடி நீர்ச் சட்டம் 2002-ன்படி இது அறிவிக்கப்பட்ட பகுதி, முன் அனுமதி இல்லாமல் போர் ஓட்டக் கூடாது. பொதுக் குடிநீர் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். எல்லை தாண்டி வருகிற ரிக் லாரிக்காரர் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க" என்பார். அபராதம் வந்தால் அவர் பார்க்க மாட்டார்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். குழாய் இணைப்பு கிடைக்குமா?

போன சித்திரையில் ஓர் அக்கா வந்தார். தூத்துக்குடிப் பக்கத்தில் நிலம் போட்டுவிட்டு வந்து, இங்கே ஒரு தோப்பு ஓரத்தில் லைன் வீட்டில் இருக்கிறார்கள். "ஏனுங்கண்ணா"வெல்லாம் பழகிவிட்டார். விஷயம் இதுதான்: ஆறு வீட்டுக்கு ஒரே தொட்டி. லாரி வருகிற நாளில் சொந்த வீட்டுக்காரர்கள் வரிசை முதலில், லைன் வீட்டுக்காரர் பிறகு. யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை, அப்படியே ஆகிவிட்டது. ஒரு நாள் இவர் முறை வரும்போது லாரியின் ஹோஸ் காற்றை ஊதியது. இரண்டு காலிக் குடத்தையும் என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பச்சை ஒன்று, வாய் உடைந்த நீலம் ஒன்று. இணைப்புக் கேட்டு ஓர் ஆபீஸுக்குப் போனதற்கு, "நிலவரி ரசீது எங்கே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

நடைமுறையில் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில்தான் வரும். வாடகைக்காரர் கேட்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. பல வீட்டுக்காரர்கள் எழுதித் தர மாட்டார்கள், நாளைக்கு அது உரிமையாகிவிடும் என்று பயம். அப்போது தனி இணைப்பை விட்டுவிட்டுப் பொதுக் குழாய் கேளுங்கள். ஊராட்சிக்குக் குடிநீர் ஓர் அடிப்படைப் பொறுப்பு, அரசியலமைப்பின் 11-வது அட்டவணையிலேயே குடிநீர் இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். தலைக்குத்தான், பட்டாவுக்கு இல்லை.

கையில் பிடித்துக்கொள்ள ஒரு தீர்ப்பும் உண்டு. 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத குடிசையில் இருப்பவருக்கும் குடிநீர் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. உயிர் வாழும் உரிமையில் தண்ணீர் அடக்கம், குடிசை சட்டவிரோதம் என்பதால் தாகம் சட்டவிரோதம் ஆகாது என்கிற போக்கில். கேரளத்தில் அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. மனுவில் எழுதினால் படிக்கிறவர் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார், அவ்வளவுதான். சில சமயம் அதுவே போதும்.

அந்த அக்காவின் மனுவுக்குப் பொதுக் குழாய் வந்தது, ஏழு மாதம் கழித்து. குழாயில் தண்ணீர் வருவது வாரம் இரண்டு நாள்.

வயலை மேடாக்கி வீடு கட்டலாமா?

2008-ம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வேறு நிலமே இல்லாதவர் சொந்தக் குடியிருப்புக்கு என்றால் ஊராட்சியில் 10 சென்ட் வரை அனுமதி கேட்கலாம். வயல் போனால் பக்கத்துக் கிணறும் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலச்சரிவில் வீடு போனவர்களுக்கு மாற்று இடம் உரிமையா, சலுகையா?

இதைக் கேட்டவர் மூணாறு எஸ்டேட்டில் உறவு உள்ளவர். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை இறங்கியது. 70 பேர். ஏறக்குறைய எல்லோரும் தேயிலைத் தோட்டத் தமிழர்கள், பல குடும்பங்களின் வேர் கயத்தாறுப் பக்கம். வறண்ட சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலைக்கு ஏறியவர்களின் பேரப் பிள்ளைகள் மழையில் போனார்கள்.

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு கம்பெனியுடையது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தாலும் ஒரு சென்ட் பெயரில் இருக்காது. பேரிடர் நிவாரண நிதியின் பட்டியலில் வெள்ளம், வறட்சி, நிலச்சரிவு எல்லாம் இருக்கின்றன. உயிருக்கு, வீட்டுக்கு, பயிருக்கு இவ்வளவு என்று அளவும் இருக்கிறது. ஆனால் வீடு, பயிர் என்று வந்தால் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். மாற்று வீடு அரசு ஆணையால் வருகிறது, கேட்டுப் பெறும் சட்ட உரிமையாக எழுதப்படவில்லை. 2024 ஜூலை 30-ல் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் நடந்த பிறகும் இதுவேதான்.

மெல்ல வருகிற அழிவுக்கு இந்த அளவுகூட இல்லை. ஒரு இரவில் மலை சரிந்தால் அமைச்சர் வருவார். பத்து வருடமாக ஒரு கிணறு இறங்கினால் யார் வருவார்?

முன்கூட்டியே இடம் மாற்றும் திட்டம் ஏதாவது உண்டா?

கடலோரத்துக்கு உண்டு. "புனர்கேகம்" என்று பெயர். அலை எட்டும் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பங்கள் விலகிப் போக 10 லட்சம் ரூபாய், நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து. அந்தப் பணத்துக்குக் கடலுக்குப் பக்கத்தில் நிலம் கிடைக்காது, தள்ளிப் போனால் தொழில் போய்விடும் என்று மீனவர்கள் சொல்கிறார்கள், அது நியாயம்தான். ஆனாலும் அழிவு வருவதற்கு முன்பே நகர்த்தக் காசு ஒதுக்கிய திட்டம் என்று காட்ட அது ஒன்றாவது இருக்கிறது. வறட்சிப் பகுதிக்கு அப்படி எதுவும் இல்லை.

முல்லைப் பெரியாறும் இதில் வருமா?

வராமல் எப்படி. 1886 அக்டோபர் 29, திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருடக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். 1970-ல் 30 ரூபாய். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உறுதி செய்தது. தேனி வயல் அந்தத் தண்ணீரில் நிற்கிறது, வண்டிப்பெரியாற்றுக்காரர் அணைக்குக் கீழே தூங்குகிறார், அங்கேயும் தமிழர்கள்தான் நிறைய. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் திட்டு விழும். விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டில் தண்ணீர் வளமான இடங்கள் என்ன செய்கின்றன?

ஒரே உதாரணம் சொல்கிறேன். அமெரிக்கா – கனடா எல்லையில் இருக்கும் பேரேரிகள் ஐந்து. உலகத்து மேற்பரப்பு நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே. புயலும் காட்டுத்தீயும் கூடக் கூட, "பிழைக்க அங்கே போகலாம்" என்ற பேச்சு அந்த நாட்டில் வந்துவிட்டது. மரியா புயலுக்குப் பிறகு 2017-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பஃபலோ நகரத்துக்குப் போனவர்கள் உண்டு.

ஏரிகளைச் சுற்றியுள்ள எட்டு அமெரிக்க மாநிலங்களும் சேர்ந்து செய்த ஒப்பந்தம் 2008 டிசம்பரில் சட்டமானது. சாரம் எளிது: ஏரிப் படுகைக்கு வெளியே தண்ணீர் போகக் கூடாது. படுகைக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்களுக்கும், கோடு குறுக்கே போகிற மாவட்டத்தில் (கவுன்டி) இருக்கும் ஊர்களுக்கும் மட்டும் விதிவிலக்கு. விஸ்கான்சின் மாநிலத்தில் வாகிஷா என்ற ஊரின் நிலத்தடி நீரில் ரேடியம். ஏரி ரொம்பத் தூரம் இல்லை, ஆனால் ஊர் கோட்டுக்கு வெளியே. 2016-ல் எட்டு மாநிலமும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நாளொன்றுக்குச் சராசரி 82 லட்சம் காலன் அனுமதி, அதுவும் பயன்படுத்திய நீரைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். 2023-ல் குழாயில் தண்ணீர் வந்தது.

அங்கே தண்ணீரை மனிதனிடம் கொண்டுபோக முடியாது, மனிதன் தண்ணீரிடம் வரலாம். நாம் நேர் எதிர். மலையைக் குடைந்து தண்ணீரைப் படுகை மாற்றுவோம், வந்த ஆளிடம் ரசீது கேட்போம். எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். வாகிஷாவின் கதையைக் கேட்டால் எருத்தேம்பதிக்காரருக்கு உடனே புரியும் என்பது மட்டும் தெரியும். ஃபுளோரைடு, ரேடியம், பெயர்தான் வேறு.

2024-ல் உச்ச நீதிமன்றம் ஏதோ சொன்னதே, அது உதவுமா?

ரஞ்சித்சிங் வழக்கு, கானமயில் பறவைக்காகப் போட்டது. காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டு வாழ்வது 14, 21-ம் பிரிவுகளின் கீழ் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. பெரிய சொல். ஆனால் யார், யாருக்கு, எவ்வளவு தண்ணீர் என்று அதில் இல்லை. மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்க்கிறேன்.

சரி, மனுவில் என்னதான் எழுதுவது? தமிழில் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் மனு கொடுப்பது சட்டப்படி சரி. "மலையாளத்தில் கொண்டா" என்று யாராவது சொன்னால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மனுவை வாங்கிக்கொள்வார்கள்.

"ஐயா, நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை வீடு, எத்தனை தலை, அதில் குழந்தை எத்தனை, பொதுக் குழாய் எத்தனை மீட்டர் தூரம், லாரி வாரத்தில் எந்தெந்த நாள், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம். குடத்தை லிட்டராக மாற்றித் தலைக்கு வகுத்துப் போடுங்கள். 55-க்குப் பக்கத்தில் 11 என்று நின்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்பதை இரண்டே வரியில் எழுதுங்கள். சொந்த ஊர்க் கிணறு வற்றியது காரணம் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். இப்போது அதற்குப் பலன் இல்லை. ஆனால் யாரும் எழுதாததால்தான் அப்படி ஓர் ஆளே இல்லை என்பது போல் காகிதம் இருக்கிறது.

வார்டு மெம்பருக்கு ஒரு நகல், கிராமசபையில் படித்துப் பதிவாக ஒரு நகல். பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

பதில் வராவிட்டால்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய், 30 நாள். "என் மனு இன்று யார் மேசையில் இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நகலும் ரசீதும் பத்திரம். நான் காலை ஒன்பதிலிருந்து இருப்பேன், லாரி வருகிற நாளில் மட்டும் பத்து ஆகும்.